கிளிப்புகள் ஏறிய மலை

என் மகளுக்கு விளையாடத் தெரியவில்லையாம். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு டீச்சர். கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எண்ணத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுகிறாள் என்றால், அவள் அப்பனும் அப்படித்தான் என்று சிரித்திருப்பேன். நாலு வயதுப் பிள்ளைக்கு விளையாடத் தெரியவில்லை என்று வாய் கூசாமல் சொன்னால் மனுஷனுக்குக் கோபம் வருமா, வராதா?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று என் மனைவி வீட்டார் சொல்வார்கள். சொல்லட்டும். ராத்திரி முழுக்க ஓவன் வாயில் நிற்கிறவனுக்குச் சூடு ஏறாமல் வேறு என்ன ஏறும்? பெரிய பேக்கரி ஒன்றில் எனக்கு ராத்திரி வேலை. தட்டுத் தட்டாக ரொட்டியை உள்ளே தள்ள வேண்டும், வெளியே இழுக்க வேண்டும். விடிந்து வீட்டுக்கு வரும்போது புருவத்தில் மாவு, காதில் மாவு. குளித்த பிறகும் தலையணையில் கொஞ்சம் உதிரும்.

என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கடையில் மாத்திரை சொல்வதுபோலத்தான் வீட்டிலும் பேசுவாள். என் தூக்கத்தையும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்: காலையில் ஒரு வேளை, சாப்பாட்டுக்குப் பின் மத்தியானம் ஒரு வேளை, விடக் கூடாது. இதற்குக் காரணம் இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவன் தூக்கக் கலக்கத்தில் சூடான தட்டை வெறுங்கையால் பிடித்துவிட்டான். கையில் கட்டோடு அவன் மருந்து வாங்க வந்தது இவள் கடைக்குத்தான். அன்றிலிருந்து என் தூக்கம் அவளுக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. காலிங் பெல்லில் பேட்டரியைக் கழற்றினாள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினாள். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்கிறது என்று அதைக் கழற்றி அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் அலமாரியைத் திறந்து, போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த வீட்டில்தான் என் மகள் வளர்ந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது எந்நேரமும் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு வண்டு என்று பெயர் வந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது, ரீங்காரம் போய்விட்டது. அம்மா உதட்டில் விரல் வைத்து வைத்து, பிள்ளையும் பூனை மாதிரி நடக்கப் பழகிவிட்டாள். எங்களோடு ரெண்டு வார்த்தை பேசுவாள். வெளியாட்கள் முன்னால் அதுவும் கிடையாது.

மத்தியானம் பள்ளி வேன் வந்து அவளை வாசலில் இறக்கிவிடும். நான் எழுந்து கதவைத் திறந்து, அவளுக்குச் சாப்பாடு கொடுத்து, முகம் கழுவிவிட்டு, இரண்டாம் வேளைத் தூக்கத்துக்குப் படுப்பேன். எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். கூடத்து மூலையில், சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தரையில் என் மெத்தை. சாம்பல் நிறப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடுவேன்.

தூங்க மாட்டேன். தூங்கினால் அல்லவா நஷ்டம்.

ஏனென்றால் நான் கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் வண்டு வருவாள். குனிந்து என் இமைகளை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். அப்பா தூங்கிவிட்டாரா என்று சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் மூச்சை இழுத்து இழுத்து விடுவேன். பிறகு எனக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே துணி காயப்போடும் கிளிப்புகள் ஒரு டப்பா நிறைய இருக்கும். அதற்குப் பிறகு நான் அப்பா இல்லை. நான் மலை.

கிளிப்புகள் என் காலடியிலிருந்து ஏறத் தொடங்கும். போர்வையைக் கவ்வி, ஒன்றின் பின் ஒன்றாக. முழங்கால் ஒரு மேடு, தாண்டினால் வயிற்றுப் பள்ளம். அங்கே ஈரக் கைக்குட்டை ஒன்று ஆறாக ஓடும். நான் மூச்சை இழுக்கும்போது ஆற்றில் வெள்ளம். எல்லாரும் கரையில் நிற்பார்கள். மூச்சை விட்டதும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு அவசரமாகக் கடப்பார்கள். கழுத்தருகே போனால் பனி. என் தலையணையில் உதிர்ந்த மாவுதான் பனி. அதைச் சுண்டுவிரலால் தொட்டு ஒவ்வொரு கிளிப்பின் தலையிலும் பூசுவாள். இவ்வளவும் நடக்கும், ஒரு சத்தம் இருக்காது. கிளிப்புகள் வாயைத் திறந்து திறந்து மூடித்தான் பேசிக்கொள்ளும். அவள் உதடும் கூடவே அசையும், காற்றுகூட வராது.

எனக்கு எல்லாம் புரியும் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். இமை இடுக்கில் பார்த்தே கதையை முழுக்கப் பிடித்துவிடுவேன். சிவப்புக் கிளிப் போலீஸ் அதிகாரி. வரிசையில் ஒவ்வொருவராகப் போய், திறந்த வாயையெல்லாம் மூடிவிட்டு வரும். ஸ்பிரிங் போன நீலக் கிளிப் ஒன்று இருந்தது. அதற்கு வாய் மூடவே மூடாது. நான் அவனுக்குப் பேச்சாளர் என்று பெயர் வைத்திருந்தேன். எல்லாரும் ஏறும்போது அவன் ஏற மாட்டான், போர்வையைக் கவ்வ அவனுக்குப் பிடிமானம் இல்லை. நின்ற இடத்திலேயே மலை ஏறுவது எப்படி என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். கடைசியில் தாங்க முடியாமல் சிவப்பு அதிகாரி வந்து அவனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கன்னத்தை உள்ளே கடித்து அடக்கிக்கொள்வேன். ஓவன் முன்னால் நிற்கும்போதுகூட அதை நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு. பக்கத்தில் இருந்தவன் எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பார்த்தான்.

விளையாட்டில் என் பங்கும் ஒன்று உண்டு. சில நாள் அவள் என் முழங்காலில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பாள். பாறை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறாளாக்கும். அந்த நேரம் பார்த்து நான் தூக்கத்தில் புரள்கிறவன் மாதிரி காலை ஒரு ஆட்டு ஆட்டுவேன். அவ்வளவுதான், நிலநடுக்கம். கிளிப்புகள் உருளும். அவள் கண் விரியும். இரண்டு கையாலும் எல்லாரையும் பொத்திக் காப்பாற்றுவாள். பிறகு சந்தில் ஆஸ்பத்திரி திறக்கும். அந்த நிலநடுக்கம் முழுக்க முழுக்க என் யோசனை என்பதில் எனக்குப் பெருமை தாங்காது.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு நாள் ஆசை தாங்காமல், சோறு ஊட்டும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல், "இன்னிக்கு என்ன விளையாடின?" என்று கேட்டுவிட்டேன். வண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வாரம் முழுக்க மலையில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் சும்மா கட்டை மாதிரிக் கிடந்தேன். மறுபடி முதல் கிளிப் என் கால் விரலைக் கவ்வியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த டீச்சர் என் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று மாலை அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, வண்டு ஸ்கூல்ல யாரோடயும் பேச மாட்டேங்கறாளாம். பொம்மை குடுத்தா கையில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காளாம். விளையாடவே தெரியலன்னு சொல்றாங்க. மத்தியானம் ஒரு வகுப்பு இருக்காம். தினம் சாயங்காலம் வரைக்கும். விளையாட சொல்லிக் குடுப்பாங்களாம்."

"என்னது? விளையாட வகுப்பா? அடுத்தது என்ன, சிரிக்கறதுக்கு டியூஷனா?"

"கத்தாதீங்க."

"கத்தாம? அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? என் பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"உங்க பொண்ணு என்ன? சொல்லுங்க. நீங்க பாத்தீங்களா அவ விளையாடி?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பார்த்தேன் என்றால், எப்போது பார்த்தீர்கள் என்பாள். மத்தியானம் என்றால், அப்போது தூங்கவில்லையா என்பாள். அவ்வளவுதான், இத்தனை வருஷமாக அவள் நுனிக்காலில் நடந்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். அப்பன் தூங்குவதற்காகவாவது பிள்ளை வகுப்புக்குப் போகட்டும் என்று அவளே கொண்டுபோய் விட்டுவிடுவாள். வண்டு காதில் விழுந்தால் அதைவிட மோசம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபத்தைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான். சத்தம் போடாதே, சத்தம் போடாதேன்னு சொல்லிச் சொல்லி அவ வாயை நானே அடைச்சுட்டேன்" என்றாள். எனக்கு அந்த டீச்சர் மேல் இன்னும் கோபம் ஏறியது. என் பிள்ளையைச் சொன்னது போதாதென்று என் பெண்டாட்டியையும் அழவைத்துவிட்டார்.

இந்த விஷயத்தில் என் மச்சான் நுழையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் மனைவியின் அண்ணன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைத் திருத்தியே பழகியவர். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். யார் எதைச் சொன்னாலும் அவருக்கு அதில் ஒரு மாற்று யோசனை உண்டு. அந்த டீச்சரும் அவரிடம் வண்டி பழகியவர்தான். ஓட்டத் தெரியாதவருக்கு இவர் சொல்லிக்கொடுத்தார், விளையாடத் தெரியாதவருக்கு அவர் சொல்லிக்கொடுக்கப் போகிறார். நல்ல கூட்டணி.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக்கில் ஒரு பண்ணை. பொத்தானை அமுக்கினால் மாடு கத்தும், கோழி கத்தும், சரியான மிருகத்தை எடுத்தால் "சபாஷ்!" என்று ஒரு குரல் கத்தும். எங்கள் வீட்டில் அத்தனை சத்தம் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"மாப்ள, இது மூளையை வளக்கற பொம்மை. இங்க பாரு வண்டு, மாடு எங்க? மாமாவுக்கு மாடு எடுத்துக் குடு."

வண்டு மாட்டையும் பார்த்தாள், மாமாவையும் பார்த்தாள், நகரவில்லை.

"பாத்தியாம்மா? மாடுன்னே தெரியல" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அவரே மாட்டை எடுத்தார். "சபாஷ்!" என்றது பெட்டி. அவர் முகத்தில் உண்மையிலேயே ஒரு சந்தோஷம் வந்தது.

"மச்சான், மாட்டைச் சரியா எடுத்துட்டீங்க. அடுத்தது கோழி எடுங்க. நீங்க நல்லா வருவீங்க" என்றேன்.

"இந்தக் கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. புள்ளை விஷயத்துல அக்கறை இருக்கா உங்களுக்கு? வர்றீங்க, தூங்கறீங்க, போறீங்க. அந்தக் குழந்தை மத்தியானம் பூரா செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதே, அது தெரியுமா?"

உச்சந்தலைவரை ஏறியது எனக்கு. எழுந்து போய் அந்தப் பண்ணையின் பேட்டரியைக் கழற்றி, ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட்டு வந்தேன். மச்சான் கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. என் மனைவி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்ப நீங்களே டீச்சர்கிட்ட சொல்லுங்க. அவங்க நேர்ல வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமை வரட்டும். வீட்லயாவது விளையாடறாளான்னு பாத்துட்டு முடிவு பண்ணட்டும்" என்றாள். விளையாடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு. மத்தியானம் அத்தனையும் போய்விடும்.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் வந்தார். கெட்ட மனுஷி இல்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மெல்லிய குரல், கழுத்தில் அட்டை, கையில் நோட்டும் பேனாவும். என் மனைவி கடையில் லீவு சொல்லியிருந்தாள். மச்சான் கார் வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். மூன்று பேரும் கூடத்துச் சுவரோரம் சாக்ஸ் போட்ட நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

"நீங்க எல்லாரும் எப்பவும்போல இருங்க. அப்பதான் குழந்தை இயல்பா இருக்கும். சார், இந்த நேரத்துல நீங்க வழக்கமா என்ன செய்வீங்க?" என்றார் டீச்சர்.

"தூங்குவார்" என்றாள் என் மனைவி.

"அப்போ தூங்குங்க சார்."

அந்தக் கேவலத்தை யாரிடம் சொல்வது? என் வீட்டில், என் பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு எழுதப்போகிறார்கள், நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். படுத்தேன். கண்ணை மூடினேன். மூன்று பேர் பார்க்கும்போது இமை இடுக்கில்கூடப் பார்க்க முடியாது. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டேன்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வண்டு எங்கே நிற்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. மச்சான் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்திருந்தார் போலிருக்கிறது. மாடு கத்தியது. "வண்டு, கோழி எங்க சொல்லு" என்றார். "தானா எதையும் தொடங்கறதில்ல" என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. நான் போர்வைக்குள் கை விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டேன்.

அப்போது என் இமைகள்மேல் ஒரு சின்ன உள்ளங்கை வந்து தடவிவிட்டுப் போனது.

சந்தில் அவள் உட்காரும் அசைவு. டப்பா மூடி திறந்தது. ஒரு கிளிப் என் கால் கட்டைவிரலைக் கவ்வியது. வா தாயே, வா என்று மனசுக்குள் சொன்னேன். காட்டு இவங்களுக்கு. ஒவ்வொருவராக ஏறினார்கள். சுவர்ப் பக்கமாகவே ஏறினார்கள், அந்த மூன்று பேருக்கும் சரியாகத் தெரியாத சரிவில். எவ்வளவு கெட்டிக்காரி என் மகள். முழங்கால் தாண்டியது, ஈரக் கைக்குட்டை என் வயிற்றில் சில்லென்று விழுந்தது. நான் மூச்சை இழுத்தேன், எல்லாரும் நின்றார்கள். விட்டேன், கடந்தார்கள். உலகத்திலேயே அருமையான விளையாட்டு அங்கே நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

"அப்பா பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. கிளிப்பைத் துணியில மாட்டறதும் எடுக்கறதும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யறா. கற்பனை விளையாட்டு இன்னும் வரல" என்றார் டீச்சர்.

பேனா கிறுக்கியது. கழுத்தெலும்பு வரை சூடு ஏறியது எனக்கு. படுத்துக்கிடடா, படுத்துக்கிட என்று என்னையே அடக்கிக்கொண்டேன். மலை எழுந்தால் எல்லாம் போச்சு.

"வண்டு, அப்பாவைத் தொந்தரவு பண்ணாதேம்மா. தூங்கறாரு. இங்க வா" என்று என் மனைவி கிசுகிசுத்தாள். அவள் எழுந்து வரும் காலடி. சந்திலிருந்து பிள்ளையைத் தூக்குகிறாள். போர்வை இழுபட்டது. கிளிப்புகள் பொலபொலவென்று சரிந்தன. எல்லாரும் விழுந்துவிட்டார்கள். நான் அசையவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் என் வாழ்க்கையிலேயே நான் அடக்கிய பெரிய கோபம்.

"இங்க பாரு, உடைஞ்சுபோன கிளிப்பை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஸ்பிரிங்கே இல்ல. நல்ல பொம்மை இருக்கு, இதை எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்றார் மச்சான். டக்கென்று ஒரு சத்தம். குப்பைக்கூடையின் அடியில் பிளாஸ்டிக் விழும் சத்தம்.

பேச்சாளர்!

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. போர்வை ஒரு பக்கம், கைக்குட்டை ஒரு பக்கம். "யோவ்!" என்று கத்தினேன். மச்சானை அதற்குமுன் யோவ் என்று நான் கூப்பிட்டதில்லை.

"எதைத் தூக்கிக் குப்பையில போடறீங்க? அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அதை எடுங்க முதல்ல! ஏன் டீச்சர், கற்பனை வரலையா? உங்க கண்ணு எங்க போச்சு? என் கால்ல இருந்து கழுத்து வரைக்கும் ஒரு கூட்டமே ஏறிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல ஆறு. நான் மூச்சு இழுத்தா வெள்ளம், விட்டா வடியும். கழுத்துல பனி. அந்தச் சிவப்பு இருக்கே, அது போலீஸ். நீலம் வாயை மூடாததால அதை ஜெயில்ல போடுவாங்க. நிலநடுக்கம் வந்தா ஆஸ்பத்திரி உண்டு, தெரியுமா? தினம் நடக்குது இது! தினம்! நீங்க நாலு பிளாஸ்டிக் மாட்டை வெச்சுக்கிட்டு என் பொண்ணுக்கு விளையாடச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா?"

மூச்சு வாங்கியது. டீச்சர் பேனாவைப் பிடித்தபடி வாயைத் திறந்துவைத்திருந்தார்.

"தினமா?" என்றாள் என் மனைவி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "அப்ப நீங்க மத்தியானம் தூங்கறதே இல்லையா?"

அவள் இடுப்பில் வண்டு இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது, மூக்கு விடைத்தது. போச்சு, அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் அவசர புத்தியை நானே சபித்தேன். இனி ஒரு கிளிப்கூட என்மேல் ஏறாது.

"மலை பேசுமா?" என்று கத்தினாள் வண்டு.

கூடம் அதிர்ந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அம்மாவின் இடுப்பிலிருந்து உதறிக்கொண்டு இறங்கி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"மலை பேசுமா? மலை எந்திரிக்குமா? எல்லாரும் விழுந்துட்டாங்க, பாரு! எத்தனை பேருக்கு அடி! நான்தான் உன் கண்ணை மூடிவிட்டேன்ல? மூடிவிட்டா மலைதானே? அப்பறம் ஏன் எந்திரிச்ச? நீ எப்பவும் இப்படித்தான், அன்னிக்கும் சிரிச்ச. நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

அவள் நிறுத்தவில்லை.

"அது போலீஸ் இல்ல! அது அம்மா!" என்று சிவப்புக் கிளிப்பைத் தரையிலிருந்து பொறுக்கி நீட்டினாள். "ஷ்ஷ்னு சொல்லிட்டுப் போவாங்கல்ல, அம்மா! உனக்கு ஒண்ணும் தெரியல. அப்பறம் மாமாவை யாரு குப்பையில போட்டது?"

"நான் இங்கதானே இருக்கேன் கண்ணு" என்றார் மச்சான்.

"நீ இல்ல. நீலமா இருக்குமே, வாயை மூடவே மூடாதுல்ல, அந்த மாமா! எடுத்துட்டு வா! கழுவி எடுத்துட்டு வா!"

மச்சான் தங்கையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். யாரும் அவருக்கு உதவவில்லை. குனிந்து குப்பைக்கூடைக்குள் கையை விட்டார். தன்னைத்தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு, குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் மாற்று யோசனை எதுவும் இருக்கவில்லை.

என் மனைவி சிவப்புக் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் போல. இருந்தாலும், திங்கட்கிழமை வகுப்புக்கு ஒரு தடவை வந்து..."

"வர மாட்டா டீச்சர்" என்றாள் என் மனைவி. "மத்தியானம் அவளுக்கு இங்க வேலை இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அப்புறம் இருக்கு."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஓவன் சூடே தேவலை என்று தோன்றியது. எனக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. டீச்சரைக் கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்து நாக்கு நுனியில் நின்றன. வாயைத் திறந்தேன்.

"படு!" என்றாள் வண்டு.

படுத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். என் இமைகளை உள்ளங்கையால் தடவி மூடினாள், இந்த முறை கொஞ்சம் அழுத்தமாகவே. ஏதோ ஒன்று என் உதட்டை நறுக்கென்று கவ்வியது. சிவப்பு. வலித்தது, ஆனாலும் நான் அசையவில்லை. மூன்று பேரும் சுவரோர நாற்காலிகளில் மறுபடி உட்காரும் அசைவு கேட்டது.

கிளிப்புகள் மறுபடியும் ஏறத் தொடங்கின. பாதி வழியில் என் முழங்காலில் இரண்டு தட்டு விழுந்தது. பாறையைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சும்மா கிடந்தேன். கோபமாக இன்னும் இரண்டு தட்டு விழுந்தது.

"மலை!" என்று காதருகே ஒரு அதட்டல். "தட்டினா ஆடணும். மறந்துட்டியா?"

காலை ஆட்டினேன்.